ஒன்றும் கொடுக்கக்கூடாத வீடு

ஏழைக் குடும்பங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து செய்தே நான் ஓரளவு வசதியாகிவிட்டேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? காய்ச்சல்காரர்கள் இல்லாமல் வைத்தியர் ஏது? அவர்களுடைய ஒழுகும் கூரையைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் எனக்கு வேலை கிடைத்தது. அவர்களுடைய பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போவதைப் பற்றி எழுதிய இரண்டாவது கட்டுரைக்காக எனக்கு விருந்து வைத்தார்கள். 'பிள்ளைகளோடு நேரம் செலவிடாத தகப்பன்மார்' என்ற என் புத்தகத்துக்கு நல்ல பெயர். அதை எழுதி முடிக்கும் வரை நான் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை.

குழந்தை நலனை அளப்பதற்கு இன்று எல்லோரும் பயன்படுத்தும் அளவுகோலைச் செய்தவனும் நான்தான். அதிலுள்ள முக்கியமான கேள்வி: 'நீ சொல்வதை முடிக்கும்வரை கேட்கும் பெரியவர் யாராவது உன் வீட்டில் உண்டா?' கேள்வி சரியாக இருக்கிறதா என்று முதலில் என் மகளிடம்தான் சோதித்துப் பார்த்தேன். 'இல்லை' என்றாள். கேள்வி அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து விளக்க ஆரம்பித்தேன். விளக்கம் பாதியில் இருக்கும்போதே எழுந்து போய்விட்டாள். குழந்தைகளுக்குக் கவனம் நிலைப்பதில்லை என்று ஓர் அடிக்குறிப்பு சேர்த்தேன்.

எங்கள் மையத்தின் பெயர் 'நலிந்த குடும்பங்கள் மற்றும் குழந்தை நலன் உயராய்வு மையம்'. பெயர்ப்பலகைக்கு வாசல் போதாமல், பாதிப் பலகை பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் சுவரில் போய் உட்கார்ந்துவிட்டது. அதனால் அவர் கடைக்கு மேலே 'நலன் உயராய்வு மையம்' என்றும், எங்கள் வாசலுக்கு மேலே 'நலிந்த குடும்பங்கள் மற்றும் குழந்தை' என்றும் இருக்கும். கண்ணாடி போட வந்தவர்கள் பலர் எங்களிடம் வந்து, நாங்கள் பேசியதைக் கேட்டுத் தலைவலியோடு திரும்பியிருக்கிறார்கள்.

மையத்தின் இயக்குநர் வறுமையில் கரைகண்டவர். ஆனால் ஏழை வீடு ஒன்றுக்குள்ளும் கால் வைத்ததில்லை. "உள்ளே போனால் பார்வை குறுகிவிடும்" என்பார்.

அவர் கொண்டுவந்த திட்டம்தான் 'மகிழ்ச்சி என் இல்லத்தில்'. ஒரே மாதிரி கஷ்டப்படுகிற குடும்பங்களை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதிக்கு எல்லாம் கொடுப்பது. பெற்றோருக்குப் பயிலரங்கு, சுவரொட்டி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளச் சிரித்த முகம் போட்ட காந்தம். மறு பாதிக்கு ஒன்றுமே கொடுக்கக்கூடாது. கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டு, கொடுத்த வீடுகள் கொடுக்காத வீடுகளைவிட மகிழ்ச்சியாக இருக்கின்றன என்று நிரூபிப்பது.

"பல வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியே இல்லை சார். காந்தம் ஒட்டாது" என்று நான் ஒரு கூட்டத்தில் மெல்லச் சொன்னேன்.

இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார். "அப்படியானால் அவர்களுக்குக் குளிர்சாதனப் பெட்டியின் படம் ஒன்று கொடுத்துவிடுவோம். தகரத்தில் அச்சடித்து."

அப்படியே கொடுத்தார்கள்.

ஒன்றும் கொடுக்கக்கூடாத வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு கவனிப்பாளர் தினமும் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவர வேண்டும். கவனிப்பாளருக்கென்று தடிமனான கையேடு உண்டு. பேசக்கூடாது. உதவக்கூடாது. அவர்கள் தரும் தேநீரைக் குடிக்கக்கூடாது. அவர்கள் வழக்கமாகச் செய்வதைத் தடுக்கக்கூடாது. நேரம் முடியும் முன் எழுந்து போகக்கூடாது. கேள்வி கேட்டால் தலையாட்டலாம், ஆனால் ஊக்கம் தரும் விதமாக ஆட்டக்கூடாது. இருமல், தும்மல் போன்ற தவிர்க்க முடியாத உடல் ஒலிகளுக்கு மட்டும் அனுமதி உண்டு. இந்தக் கையேட்டை எழுதிய குழுவுக்கு நான்தான் தலைவன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

எனக்குக் கிடைத்த வீடு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒன்றரை அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். அறைக்குள்ளேயே குறுக்காக ஒரு துணிக்கொடி. அதில் பேருந்து ஓட்டுநரின் நீலச் சீருடை ஒன்று புத்தம் புதிதாகத் தொங்கியது. அந்த வீட்டு அம்மா பல வருடம் பணிமனையில் பேருந்து கழுவியவர். அப்போதுதான் தேர்வு எழுதி, ஓட்டிக்காட்டி, ஓட்டுநராகியிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் பத்து வயதை ஒட்டியவள். சின்னவளை எல்லோரும் குட்டி என்றார்கள். அப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு நலமாக இருந்தார். அவரை யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

கையேட்டில் உள்ள அறிமுக வாசகத்தை ஒப்பித்தேன். "நான் ஒரு ஓரமா உட்கார்ந்திருப்பேன். நீங்க எப்பவும்போல இருங்க. என்னை ஒரு நாற்காலின்னு நினைச்சுக்கோங்க." அந்த வீட்டில் நான் பேச அனுமதிக்கப்பட்ட கடைசி வாசகமும் அதுதான்.

ஓட்டுநர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வீட்ல இருக்கறதே ரெண்டு நாற்காலி. அதுல ஒண்ணு ஆடுது. சரி, வாங்க. தினமுமா வருவீங்க?"

ஊக்கம் தராத விதமாகத் தலையாட்டினேன்.

"எது வரைக்கும்?"

நேர அட்டவணையைக் காட்டினேன். பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரத்திலிருந்து இரவுச் சாப்பாட்டு நேரம் வரை. அவர் அதை இரண்டு தரம் படித்தார். முகம் மாறியது. கொடியிலிருந்து சீருடையை உருவினார்.

"சார், உங்களுக்குக் கோடிப் புண்ணியம். புதுசா சேர்ந்தவங்களுக்கு மதிய ஷிஃப்ட்தான் குடுப்பாங்க. பார்த்துக்கறேன்னு சொன்ன பக்கத்து வீட்டு அக்கா காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. சோதனைக் காலம் முடியறதுக்குள்ள லீவு போட்டா திரும்ப பஸ் கழுவத்தான் அனுப்புவாங்க. என்ன பண்றதுன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு இருந்தேன்." உள்ளே போய் உடுத்திக்கொண்டு தொப்பியோடு வெளியே வந்தார். "பெரியவளே, குட்டியைப் பார்த்துக்கோ. ஏதாவதுன்னா இந்த நாற்காலி இருக்கு."

மாடிப்படியில் அவர் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது.

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். நிறுத்துங்கள் என்று சொன்னால் பேசியதாகும். கையை நீட்டி மறித்தால் தடுத்ததாகும். நானும் எழுந்து போனால் நேரத்துக்கு முன் போனதாகும். நாங்கள் ஆறு மாதம் உட்கார்ந்து, ஒவ்வொரு ஓட்டையாகத் தேடித் தேடி அடைத்த கையேடு அது. தப்பிக்க ஓர் எலி வளைகூட விடவில்லை.

குட்டி அருகே வந்து என் கன்னத்தில் ஒரு விரலால் குத்திப் பார்த்தாள்.

"அக்கா, இது மூச்சு விடுது."

"அரசாங்க நாற்காலி. அப்படித்தான் இருக்கும்" என்றாள் பெரியவள்.

அப்படி ஆரம்பித்தது. முதல் வாரம் என் முழங்கால்களில் பள்ளிப் பைகளை மாட்டினார்கள். அடுத்த வாரம் பெரியவள் என் எதிரில் தரையில் உட்கார்ந்து, தன் வகுப்பில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதைச் சொல்ல ஆரம்பித்தாள். அது ஒரு சாம்ராஜ்யத்தின் வரலாற்றைவிடச் சிக்கலாக இருந்தது. நடுவில் ஓர் அருமையான கருத்து என் தொண்டை வரை வந்தது. தோழமைக் குழுக்களில் விலக்கிவைத்தல் பற்றி நானே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். விழுங்கினேன். அவள் மேலே சொன்னாள். மறுநாளும் ஒரு கருத்து வந்தது. அதையும் விழுங்கினேன். இப்படி விழுங்கி விழுங்கி எனக்கு வயிறு உப்பிக்கொண்டது. அவளுக்கு முகம் தெளிந்துகொண்டே வந்தது.

குட்டி பேசுவதைவிடத் தூங்குவதை விரும்பினாள். 'இளைய குழந்தை தளவாடத்தின் மீது சாய்ந்து உறங்கியது' என்று அன்றைய பதிவில் எழுதினேன். 'தளவாடத்தின் கால் மரத்துப்போனது' என்பதையும் எழுதினேன். தரவை மறைக்கக்கூடாது அல்லவா.

ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழியப் போயிற்று. பெரியவள் ஜன்னலருகே பாடிக்கொண்டிருந்தாள். பேசக்கூடாது, உதவக்கூடாது. ஆனால் இருமலாம். நான் இருமினேன். அவள் திரும்பினாள், அடுப்பைப் பார்த்தாள், ஓடிப்போய் அணைத்தாள். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு மொழி உருவானது. ஓர் இருமல் அடுப்பு. இரண்டு இருமல் கதவைத் தாழிடு. தும்மினால் குட்டி ஏறக்கூடாத இடத்தில் ஏறியிருக்கிறாள். நீண்ட கனைப்பு என்றால் வீட்டுப்பாடம். கையேட்டில் ஒரு வரியைக்கூட நான் மீறவில்லை.

அவர்கள் அம்மா டூட்டி முடிந்து வந்ததும் பெரியவள் புகார் சொன்னாள். "இன்னிக்கு நாற்காலிக்கு ரொம்ப இருமல்மா."

மறுநாள் எனக்காக ஒரு குப்பி இருமல் மருந்து வாங்கி வைத்திருந்தார் அந்த அம்மா. தேநீர் குடிக்கக்கூடாது என்றுதான் விதி. மருந்தைப் பற்றி விதி இல்லை. குடித்தேன். அதில் நல்ல தூக்கம் வந்தது. அன்று குட்டியும் தளவாடமும் சேர்ந்தே உறங்கினார்கள்.

இதில் அவதிப்பட்டது என் வீடு. என் மனைவி பல் மருத்துவர். வாயைத் திறந்தபடி பேச முடியாமல் கிடப்பவர்களோடு பகலெல்லாம் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாயை மூடாத என்னோடு இருப்பது தன் தலையெழுத்து என்பாள். அங்கே விழுங்கிய அத்தனையையும் நான் இங்கே வந்து சாப்பாட்டு மேஜையில் கொட்டினேன்.

"அப்பா, அங்க பேசக்கூடாதுன்னா இங்க வந்து மொத்தமா கொட்டணுமா?" என்றாள் மகள்.

"கேட்டுக்கோடி" என்றாள் மனைவி. "அவர் பேசாம இருக்கறதுக்கு அந்த வீட்டுப் பிள்ளைங்க குடுத்து வெச்சிருக்கணும். நமக்கு இவ்வளவுதான் விதிச்சிருக்கு."

குடும்பங்களில் நகைச்சுவை உணர்வு உறவை வலுப்படுத்தும் என்று நான் ஆரம்பித்தபோது இருவரும் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதற்கிடையில் எல்லாம் கொடுக்கப்பட்ட வீடுகளில் திட்டம் மும்முரமாக நடந்தது. 'உங்கள் பிள்ளையோடு நேரம் செலவிடுங்கள்' என்ற பயிலரங்கு வாரநாள் மாலைகளில் நடந்தது. 'ஒன்றாகச் சாப்பிடுவோம்' இரவுச் சாப்பாட்டு நேரத்தில். 'விடுமுறை நாள் குடும்பத்துக்கே' விடுமுறை நாள் முழுக்க. பெற்றோர் இருவரும் கட்டாயம் வர வேண்டும். கவனம் சிதறும் என்பதால் பிள்ளைகளை அழைத்துவரக்கூடாது. பிள்ளைகள் பூட்டிய வீட்டுக்குள் தகரக் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காந்தம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

பாதித் திட்டம் முடிந்ததும் முடிவுகளைப் பார்க்கக் கூடினோம். எங்கள் புள்ளிவிவரக்காரர் எண்களைத் தவிர யாரையும் நம்பாதவர். அன்று எண்களையும் நம்ப முடியாமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரையில், என் அளவுகோலின் கேள்வித்தாளைப் பிள்ளைகள் நிரப்பியதிலிருந்து வரைந்த இரண்டு கோடுகள். ஒன்று மேலே ஏறியது. இன்னொன்று மாடிப்படியில் உருண்ட பாத்திரம்போல் கீழே போனது.

"அருமை!" என்றார் இயக்குநர். "நம் உழைப்பு வீண் போகவில்லை."

"சார், ஏறுறது ஒண்ணும் குடுக்காத வீடு" என்றார் புள்ளிவிவரக்காரர். "அதுலயும் ஒரே ஒரு வீடு. அது ஒண்ணே மொத்தக் கோட்டையும் தூக்கிட்டுப் போகுது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பழக்க தோஷத்தில் இருமினேன்.

இயக்குநர் எழுந்தார். ஒலிவாங்கி இல்லாவிட்டாலும் அது இருப்பதுபோல் பேசுவது அவர் வழக்கம்.

"நண்பர்களே, நான் ஏழைகளின் முன்னேற்றத்துக்கு எதிரியல்ல. அதற்காகவே என் வாழ்வை அர்ப்பணித்தவன். ஆனால் முன்னேற்றத்துக்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு வரிசை இருக்கிறது. நாம் எந்த வீட்டை முன்னேற்றுகிறோமோ அந்த வீடு முன்னேற வேண்டும். எந்த வீட்டை விட்டுவைத்திருக்கிறோமோ அது நம்மை நம்பிக் காத்திருக்க வேண்டும். ஒன்றும் கொடுக்காத ஒரு குடும்பம், நம்மைக் கேட்காமல், நம் காந்தம் இல்லாமல், நம் பயிலரங்கு ஒன்றில்கூடக் கலந்துகொள்ளாமல், தன்னிச்சையாக மகிழ்ச்சி அடையுமானால், நான் கேட்கிறேன், நாமெல்லாம் எதற்கு இருக்கிறோம்?"

அது ஓர் ஆபத்தான கேள்வி. அவரும் அதை உணர்ந்து சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

மாசு விசாரணைக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். என் ஆய்வில் எப்படி மாசு கலந்தது, அதாவது கொடுக்கக்கூடாததை யார் கொடுத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். புள்ளிவிவரக்காரர், நெறிமுறைக் குழுவின் அம்மையார், இயக்குநரின் செயலாளர் ஆகிய மூவரும் ஒருநாள் என்னோடு அந்த வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கும் கையேடு பொருந்தும். நால்வரும் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தோம்.

குட்டி கைதட்டினாள். "அக்கா, செட்டு வாங்கியிருக்காங்க!"

விசாரணைக்காக அம்மையாருக்கு மட்டும் பேச விசேஷ அனுமதி இருந்தது. பெரியவளை அருகே அழைத்தார்.

"பயப்படாதம்மா. இந்த சார் உங்களுக்கு ஏதாவது வாங்கிக் குடுத்தாரா?"

"இல்ல."

"பாடம் சொல்லிக் குடுத்தாரா? கதை சொன்னாரா? விளையாடினாரா?"

"இல்ல. ஒண்ணுமே செய்யமாட்டாரு."

"அப்புறம் ஏன் கேள்வித்தாள்ல இவரைப் பிடிச்சிருக்குன்னு எழுதியிருக்கே?"

"அதனாலதான்."

அம்மையார் அதை ஒருமுறை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினார். அதற்குள் பெரியவள், 'நடுவுல பேசாம சும்மா கேட்டீங்கன்னா சொல்றேன்' என்று வகுப்பின் புதிய அரசியல் நிலவரத்தை ஆரம்பித்துவிட்டாள். குட்டி புள்ளிவிவரக்காரரின் மடியில் ஏறித் தூங்கிப்போனாள். திரும்பும்போது அவர் கால் மரத்துப்போய் நொண்டினார். என்றாலும் ஒரு மாதிரி சிரித்த முகமாக இருந்தார். காந்தத்தில் இருப்பது அதே முகம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் என்னை இயக்குநர் அறைக்கு அழைத்தார்கள். எதிர்பாராமல் அவர் தேநீர் வரவழைத்தார்.

"உங்கமேல தப்பு எதுவும் இல்லைன்னு குழு சொல்லுது. சட்டப்படி நீங்க ஒண்ணுமே செய்யல. இவ்வளவு சுத்தமா ஒண்ணுமே செய்யாத ஒரு ஆளை நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல" என்றார் உண்மையான மரியாதையோடு. "அடுத்த மாசம் துணை இயக்குநர் நாற்காலி காலியாகுது. உங்களைத்தான் நினைச்சிருக்கேன். ஒரே ஒரு வேலை பாக்கி. அந்த வீட்டுல கவனிப்பை முடிச்சுக்கிட்டு வந்துடுங்க."

"இப்பவேவா சார்? அந்த அம்மாவோட சோதனைக் காலம் முடியல. நான் போகலன்னா அவங்க டூட்டிக்குப் போக முடியாது. வேலை போயிடும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தக் குடும்பத்துக்கு நாம எந்தக் கெடுதலும் செய்யப்போறதில்ல. அதோட இயல்பான நலிவுக்கு அது திரும்பிப் போக வழிவிடுறோம். அவ்வளவுதான். கடைசி அளவீடு எடுக்கும்போது கோடு தானா இறங்கிடும். அப்புறம் வேணும்னா அவங்களைக் கொடுக்குற குழுவுல சேர்த்து, 'வேலையும் வீடும்' பயிலரங்குக்குக் கூப்பிடலாம். அதுவும் மதியத்துலதான் நடக்குது."

நான் எழுந்து மேஜையைத் தட்டினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். தேநீரைக் குடித்து முடித்தேன். துணை இயக்குநர் அறையில் ஜன்னல் பெரியது. வெளியே ஒரு மரமும் உண்டு. பல வருடங்களாக அந்த மரத்தின் மேல் எனக்கு ஒரு கண். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த அம்மாவுக்காக வருந்தினேன். வருந்துவதில் எனக்குத் தொழில்முறைப் பயிற்சி உண்டு. நடை தூரத்துக்குள் முடித்துவிடுவேன்.

கவனிப்பை முடிப்பதற்கும் ஒரு சடங்கு இருக்கிறது. குடும்பத் தலைவர் குழுவின் முன்னால் வாய்விட்டு ஒரு வாசகத்தைச் சொல்ல வேண்டும்: 'இந்தக் கவனிப்பாளரால் எங்கள் வீட்டில் எதுவும் மாறவில்லை.' சொல்லிவிட்டால் ஆய்வு சுத்தம், நானும் சுத்தம். அந்த ஒரு நாளுக்காக இயக்குநரே நேரில் வந்தார். தன் பார்வை குறுகிவிடாமல் இருக்க வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அம்மையாரும் புள்ளிவிவரக்காரரும் உள்ளே வந்தார்கள். ஓட்டுநர் அம்மா சீருடையோடு நின்றார். இன்னும் சற்று நேரத்தில் அவர் வண்டி எடுக்க வேண்டும். நான் என் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வாசகத்தைக் கேட்டுவிட்டு அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"இதைச் சொன்னா என்ன ஆகும்?"

"ஆய்வு நிறைவுபெறும், அம்மா" என்றார் இயக்குநர் வாசலிலிருந்து. "சாருக்குப் பதவி உயர்வு."

"நாளைக்கு வருவாரா?"

"வர மாட்டார்."

"மாறுச்சுன்னு சொன்னா?"

"விதியை மீறியவர் ஆகிவிடுவார். ஒழுங்கு நடவடிக்கை எடுத்து ஆய்விலிருந்து நீக்குவோம்."

"அப்பவும் நாளைக்கு அனுப்ப மாட்டீங்க."

"ஆய்வு நடுநிலையானது, அம்மா."

ஓட்டுநர் அம்மா தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிள்ளைகள் இருவரும் கொடிக்குக் கீழே நின்று அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எப்படியும் எனக்கு வேலை போகப்போகுது" என்றார் கடைசியில். "இவருக்காவது நல்லது நடக்கட்டும். மாறலைன்னே எழுதிக்கோங்க. இருந்தாரு. அவ்வளவுதான். சார், நல்லா இருங்க."

குழு எழுத ஆரம்பித்தது. இயக்குநர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அடுத்து நடந்ததை வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறர் கஷ்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னைவிடப் பயிற்சி பெற்றவர் நாட்டில் இல்லை. அன்றும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் நான் ஆய்வு செய்ய வந்த ஒருவர், என் நலனுக்காக நின்றபடியே ஒரு பொய்யைச் சொல்லி முடித்துவிட்டு, அவசரமாகக் காலணியைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு இருமல் வந்தது.

பெரியவள் அனிச்சையாக அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு எரியவில்லை.

"மாறுச்சு" என்றேன்.

குரல் துருப்பிடித்த கதவுபோல் வந்தது. குட்டி அலறினாள். "அக்கா! நாற்காலி பேசுது!"

"மாறுச்சு. அவங்க வேலைக்குப் போனாங்க. பிள்ளைங்க பேசினாங்க, தூங்கினாங்க. நான் இருந்ததாலதான். நாளைக்கும் வருவேன். சோதனைக் காலம் முடியற வரைக்கும் வருவேன். நீங்க கிளம்புங்கம்மா, வண்டிக்கு நேரமாச்சு."

ஓட்டுநர் அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். மறு கணம் இயக்குநரைத் தோளால் தள்ளிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடினார்.

இயக்குநர் வெளுத்துப்போனார். "யாரும் எதையும் எழுத வேண்டாம்!"

நெறிமுறை அம்மையார் இளகிய மனம் கொண்டவர். என்னிடம் குனிந்து ரகசியமாகக் கேட்டார். "இதை ஒரு நீளமான இருமல்னு பதிவு பண்ணிக்கலாமா? விதியில இடம் இருக்கு."

"இல்லம்மா. பேசத்தான் செஞ்சேன்."

புள்ளிவிவரக்காரர் மட்டும் குட்டி கலைத்துப்போட்டிருந்த பள்ளிப் பையை எடுத்துத் தன் முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திட்டத்தின் இறுதி அறிக்கை தடிமனாக வெளிவந்தது. காந்தம் மகத்தான வெற்றி என்றும், அதை நாடெங்கும் கொண்டுசெல்ல வேண்டும் என்றும் அதில் இருந்தது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: 'எதிர்பாராத முன்னேற்றம் காரணமாக ஒரு குடும்பம் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.' மரம் தெரியும் அறைக்கு இயக்குநரின் செயலாளர் போனார். எனக்குத் தண்டனையாக, நிலவறையில் பழைய அறிக்கைகளைத் தூசி தட்டி அடுக்கும் வேலை. அங்கே மதியத்துக்கு மேல் வெளிச்சம் போதாது என்பதால் மதியத்தோடு அனுப்பிவிடுவார்கள். அதாவது, இந்த மையம் என்னிடமிருந்து பறிக்க நினைத்த நேரத்தை அதுவே சம்பளத்தோடு எனக்குக் கொடுத்தது. இதை யாரும் கவனிக்கவில்லை. நானும் சுட்டிக்காட்டவில்லை.

தினமும் போனேன். இப்போது நான் சாதாரண மனிதன். தேநீர் குடிக்கலாம், பேசலாம். மாதக்கணக்கில் விழுங்கிவைத்த கருத்துகள் மடை திறந்ததுபோல் வந்தன. குட்டி தூங்கினால் தூக்கத்தின் கட்டங்களைச் சொன்னேன். பால் பொங்கினால் தன்னம்பிக்கை வளர்வதைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். பொறுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே மாடிப்படியில் காலடிச் சத்தம். ஓட்டுநர் அம்மா மூச்சிரைக்க வாசலில் நின்றார். சட்டையில் ஒரு புதிய பித்தளை வில்லை மின்னியது.

"நிரந்தரம் ஆயிடுச்சு!" என்றார். "இனிமே யாராலயும் என்னைக் கழுவ அனுப்ப முடியாது!"

குட்டி கத்திக்கொண்டே ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்த அம்மா சுவரில் சாய்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார், அல்லது அழுதார். பெரியவள் எழுந்து நின்று, "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும், ரொம்ப நாளா சொல்லணும்னு..." என்று ஆரம்பித்தாள்.

நானும் எழுந்தேன். நெஞ்சு நிறைந்திருந்தது. இப்படியொரு தருணத்தை நேரில் பார்ப்பது எந்த ஆய்வாளருக்கும் வாய்க்காது. "இது ரொம்ப முக்கியமான தருணம்" என்றேன். "ஒரு குடும்பம் நலிவிலேர்ந்து மேல ஏறும்போது பிள்ளைங்க மனசுல மூணு கட்டமா ஒரு மாற்றம் நடக்கும். முதல் கட்டம் என்னன்னா..."

பெரியவள் என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"சார், நீங்களே பேசிட்டிருந்தா நாங்க எப்போ பேசுறது?"